பழைய லா பவோனி லீவர் எஸ்பிரசோ கருவி: பழுதும் மேம்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிலானில் வேலை பார்த்துத் திரும்பிய உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற லா பவோனி யூரோபிக்கோலா, கோவையில் எங்கள் சமையலறை மேடையில் 11 ஆண்டுகளாக இருக்கிறது. வந்த புதிதில் அது நான்கு இடங்களில் கசிந்தது. நான் செய்த முதல் காரியம், அதற்கு வாதுமை மரத்தில் அழகான கைப்பிடி வாங்கிப் போட்டது. அழகாகக் கசிந்தது. அந்தப் புத்தி தெளிந்த பிறகு கற்றுக்கொண்டவை கீழே உள்ளன. இதே கருவி கையில் சிக்கிய நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்தான் இவை.

இது என்ன கருவி? இதற்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்?

லூயிஜி பெட்செரா என்பவர் 1901இல் நீராவி அழுத்தத்தால் காபி இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை கோரினார். அந்த உரிமையை வாங்கிய டெசிடெரியோ பவோனி 1905இல் மிலானில் தொழில் தொடங்கினார். அந்தக் காலத்து இயந்திரங்கள் கொதிகலனின் அழுத்தத்தை மட்டும் நம்பியவை. அதனால் கோப்பையில் நுரை கிடையாது, கருகல் வாடை உண்டு. 1940களின் பிற்பகுதியில் அக்கில்லே காஜ்ஜா லீவரும் பிஸ்டனும் வைத்து நீரை அழுத்திய பிறகுதான் எஸ்பிரசோவின் மேல் பொன்னிற ஆடை படிந்தது. அந்த லீவரை வீட்டு மேடைக்குக் கொண்டுவந்த கருவிகளில் ஒன்று, 1960களின் தொடக்கத்தில் வெளிவந்த யூரோபிக்கோலா.

மெனக்கெட ஒரே காரணம்தான்: உள்ளே பம்பு இல்லை, மின்னணுப் பலகை இல்லை. பித்தளைக் கொதிகலன், சூடேற்றும் காயில், பிஸ்டன், லீவர், சில ரப்பர் வளையங்கள், அவ்வளவே. 2019இல் நிறுவனம் ஸ்மெக் கைக்குப் போனது. கருவி இன்னும் தயாராகிறது. 40 வயதுக் கருவிக்கும் வாஷர் கிடைக்கிறது என்றால் வேறென்ன வேண்டும்?

என் கருவி எந்தத் தலைமுறை என்று எப்படி அறிவது?

காபித்தூள் போடும் வடிகிண்ணத்தின் விட்டத்தை அளந்து பாருங்கள். சுமார் 49 மில்லிமீட்டர் என்றால் பழையது. 51 என்றால் 2000ஆம் ஆண்டை ஒட்டி மாற்றப்பட்ட பிந்தைய வடிவம். இரண்டின் வாஷர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தா. அளக்காமல் வாங்கி ஏமாறுபவர்கள் அதிகம். நானும் ஒருமுறை அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

அடுத்து சுவிட்சைப் பாருங்கள். மிகப் பழைய யூரோபிக்கோலாவில் சுவிட்சுக்கு இரண்டு நிலைகள் உண்டு: வேகமாகச் சூடாக்க ஒன்று, சூட்டைத் தக்கவைக்க மற்றொன்று. தானாக நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் அதில் இல்லை. வால்வு சீறத் தொடங்கியதும் நாம்தான் குறைந்த நிலைக்கு மாற்ற வேண்டும். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போன்ற வேலை.

பரணிலிருந்து இறக்கினேன். உடனே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

முதலில் லேபிளைப் பாருங்கள். இத்தாலிக்காகச் செய்த 220 வோல்ட் கருவி நம் 230 வோல்ட்டில் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்த 110 அல்லது 120 வோல்ட் கருவியை நேரடியாகச் சொருகினால் காயில் அன்றே முடிந்துவிடும். அதற்குப் போதிய திறனுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்; 1000 வாட் கருவிக்கு 1500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) இருந்தால் நிம்மதி.

பிறகு மல்டிமீட்டர். 220 வோல்ட், 1000 வாட் காயிலின் மின்தடை சுமார் 48 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது அதிக வெப்பத்தில் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் திறந்திருக்கிறது. அடுத்து, காயிலின் முனைக்கும் உடலுக்கும் இடையே கசிவு உள்ளதா என்பதை மெக்கர் என்ற மின்காப்புச் சோதனைக் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் ரீவைண்டிங் கடை எதிலும் மெக்கர் இருக்கும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் சொருக வேண்டாம்.

பல ஆண்டுகள் சும்மா கிடந்த காயிலுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி சுவிட்ச் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். காயிலைக் கழற்றி மிதமான சூட்டில் சில மணி நேரம் உலர்த்தினால் தேறிவிடுவதும் உண்டு. தேறாவிட்டால் புதிதுதான். எர்த் வயரை எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் காபி குடிக்காதீர்கள்.

கம்பியின் மேலுறை நொறுங்கினால் வெப்பம் தாங்கும் புதிய வயர் போடுங்கள். 1960, 70களின் சூடேற்றும் சாதனங்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உறைகள் புழங்கின. பழைய நார் உறையைக் கண்டால் சுரண்டாமல், ஊதாமல், ஈரப்படுத்தி எடுத்து மூடிய பையில் போடுவது நல்லது.

கசிகிறது. எந்த வாஷர் போயிற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கசியும் இடமே பதில் சொல்லும். எப்போது கசிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

லீவர் கீழே ஓய்வாக இருக்கும்போது காபி இறங்கும் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறதா? பிஸ்டனின் மேல் வளையம் தேய்ந்திருக்கிறது. ஓய்வு நிலையில் கொதிகலனின் அழுத்தம் பிஸ்டனுக்கு மேலேதான் நிற்கும். அதைத் தாங்குவது அந்த வளையம்.

லீவரை அழுத்தும்போது கை எதிர்ப்பே இல்லாமல் இறங்கி, கோப்பையில் மட்டும் காபி குறைவாக விழுகிறதா? கீழ் வளையம். நீங்கள் அழுத்தும் நீர் காபித்தூளுக்குப் போகாமல் பின்பக்கமாக நழுவிவிடுகிறது. ஆனால் இதற்குத் தூள் கொரகொரப்பாக இருப்பதும் காரணமாகலாம். கருவியைப் பிரிப்பதற்கு முன் தூளை இன்னும் நைசாக அரைத்துப் பாருங்கள். பாதிப் பேருடைய ‘பழுது’ இதிலேயே தீர்ந்துவிடும்.

பிஸ்டன் தண்டு வெளியே வரும் மேல் முனையில் ஈரம் கசிந்தால், தண்டைச் சுற்றியுள்ள சிறு வளையம். காபி இறங்கும்போது, வடிகிண்ணம் அமரும் கைப்பிடிக் கிண்ணத்தின் விளிம்பில் வழிந்தால், மேலே இருக்கும் பெரிய கேஸ்கட் காய்ந்து கல்லாகியிருக்கிறது. நீராவிக் குழாயின் நுனி சொட்டினால் அதன் வால்வு. மூடியைச் சுற்றி ஆவி வந்தால் மூடி வாஷர். இது ஐந்து நிமிட வேலை.

ஒரு கசிவுக்காகப் பிரித்தாலும் எல்லா ரப்பரையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ஒன்று போன வயதில்தான் மற்றவையும் இருக்கின்றன.

பிஸ்டன் வளையங்களை நானே மாற்ற முடியுமா?

சைக்கிள் செயின் மாட்டத் தெரிந்தவரால் முடியும். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் பிசகும்.

கருவி முழுக்க ஆறியிருக்க வேண்டும், பிளக் சுவரிலிருந்து எடுத்திருக்க வேண்டும், கொதிகலன் காலியாக இருக்க வேண்டும். லீவரைத் தாங்கும் உலோகப் பின்களைப் பிடித்திருக்கும் சிறு கிளிப்புகளை எடுங்கள். அவை பறக்கும், கிடைக்கவே கிடைக்காத மூலையில் போய் விழும். வேலை செய்யும் இடத்தில் ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்வது என் வழக்கம். காபி இறங்கும் முன்பகுதியான முகப்பைக் கொதிகலனோடு பிணைத்திருக்கும் இரண்டு போல்ட்டுகளை ஆலன் கீயால் தளர்த்தினால் முகப்பு தனியாக வந்துவிடும். கீழே உள்ள சல்லடைத் தட்டையும் கேஸ்கட்டையும் எடுத்தபின் பிஸ்டன் கீழ்ப்பக்கமாக வெளியே வரும்.

முதல் பிசகு: பழைய வடிவத்தில் பிஸ்டன் தண்டு ஒரு கவட்டையில் மரையாகத் திருகி, நட்டால் பூட்டப்பட்டிருக்கும். அந்த நட்டைத் தளர்த்துவதற்கு முன், வெளியே தெரியும் மரையின் நீளத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அது மாறினால் பிஸ்டன் நிற்கும் உயரம் மாறும். லீவரை முழுக்கத் தூக்கியும் நீர் சரியாக உள்ளே வராது.

இரண்டாவது பிசகு: வளையங்களுக்குத் திசை உண்டு. வெட்டிப் பார்த்தால் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற வாய் இருக்கும். மேல் வளையத்தின் வாய் மேலே பார்க்க வேண்டும், கீழ் வளையத்தின் வாய் கீழே பார்க்க வேண்டும். அழுத்தம் வாய்க்குள் புகுந்து உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்ட வைப்பதுதான் இதன் சூட்சுமம். தலைகீழாகப் போட்டால் புது வளையமும் முதல் நாளே கசியும்.

போடுவதற்கு முன் வளையத்தை வெந்நீரில் சில நிமிடம் ஊறவையுங்கள். விரலால் தள்ளியே ஏற்றுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனை பட்டால் ரப்பர் கீறும். பிஸ்டன் பள்ளமும் கீறும். முதல் சில நாள் லீவர் இறுக்கமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

எந்த க்ரீஸ்? வாசலின் போதுமா?

போதாது என்பதல்ல, கெடுதல். இந்த வளையங்கள் பலவும் ஈபிடிஎம் வகை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். உணவுத்தரச் சிலிக்கான் க்ரீஸ் சிறு குப்பி வாங்குங்கள், ஆண்டுக்கணக்கில் வரும். பிஸ்டன் சுவரில் மெல்லிய பூச்சுப் போதும். லீவர் பின்களுக்கும் ஒரு துளி.

லீவர் லொட லொடவென்று ஆடுகிறது.

லீவரைத் தாங்கும் அந்த உலோகப் பின் தேய்ந்திருக்கும், பல ஆண்டுகள் க்ரீஸ் இல்லாமல் ஓட்டியிருந்தால் துளையும் நீள்வட்டமாகியிருக்கும். பின் மட்டும் என்றால் புதிது வாங்கலாம். துளையே விரிந்திருந்தால் சற்றுத் தடித்த பின் தேவைப்படும். எங்கள் ஊரில் பம்புசெட் பாகங்கள் கடையும் லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து வாங்கினேன். அரை மணி நேர வேலை. பட்டறைக்காரர் அதைவிட நீண்ட நேரம், ‘ஒரு டம்ளர் காபிக்கா இது?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உப்புப் படிவை எப்படி நீக்குவது? எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?

மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று விற்கும் சிட்ரிக் அமிலம் போதும். ஒரு லிட்டருக்கு 20 கிராம் அளவில் கரைத்து, ஊற்றி, சூடாக்கி, அணைத்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். கொஞ்சத்தை முகப்பு வழியாகவும் நீராவிக் குழாய் வழியாகவும் வெளியேற்றுங்கள். பிறகு நல்ல நீரால் மூன்று முறை அலசுங்கள். இரவு முழுக்க ஊறவைத்தால் பித்தளை இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும். அது சுத்தத்தின் நிறமல்ல, அமிலம் உலோகத்தையே தின்பதன் அறிகுறி. வினிகர் வேண்டாம், வாடை போக ஒரு வாரம் ஆகும்.

போர்வெல் நீர் ஊற்றினால் சில மாதங்களில் காயில் மேல் சுண்ணாம்புத் தோல் கட்டும். சிறுவாணி நீர் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆர்ஓ நீரைத் தனியாக ஊற்றினால் காபி சப்பென்று இருக்கும். அதோடு கொஞ்சம் குழாய் நீர் கலந்துகொள்ளலாம். எதுவானாலும், இரவு முழுக்கப் பித்தளையில் நின்ற நீரைக் காலையில் கொட்டிவிட்டுப் புதிது நிரப்புங்கள். பழைய பித்தளையில் சிறிதளவு ஈயம் கலந்திருக்கும்.

நீர்மட்டக் கண்ணாடிக் குழாயில் நீர் தெரியவில்லை. ஓட்டலாமா?

அணையுங்கள். நீரில்லாமல் எரிந்த காயில் திரும்பாது. நீர் இருந்தும் தெரியவில்லை என்றால் குழாய் முனையில் அடைப்பு இருக்கலாம். கண்ணாடியின் நட்டுகளைச் சூட்டில் முறுக்கக் கூடாது. மயிரிழை விரிசல் விழும்.

அழுத்தமானியின் முள் நல்ல அழுத்தம் காட்டுகிறது, ஆனால் காபி குளிர்ந்து இறங்குகிறது.

அது பொய் அழுத்தம். குளிர்ந்த கொதிகலனில் நீருக்கு மேலே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து முள்ளைத் தள்ளுகிறது. நீர் இன்னும் தயாராகவில்லை. அழுத்தம் ஏறத் தொடங்கியதும் நீராவிக் குழாயைத் திறந்து, காற்று போய் வெண்மையான ஆவி சீறும்வரை விடுங்கள். முள் கீழே விழுந்து மறுபடி ஏறும். அதுதான் உண்மையான கணக்கு.

முதல் கோப்பை அருமை, மூன்றாவது கசப்பு. ஏன்?

இந்தக் கருவியின் பிறவிக் குணம் இது. வாங்கியவர்கள் விற்றுவிடுவதற்கும் இதுவே காரணம்.

கொதிகலனின் அழுத்தம் 0.8 பார் (அழுத்தத்தின் அலகு) என்று நிற்கும்போது உள்ளிருக்கும் நீர் சுமார் 117 டிகிரி. காபிக்கு வேண்டியது 90 முதல் 95 வரை. இடையில் உள்ள அந்த 20 சொச்சம் டிகிரியை விழுங்கிக்கொள்வது முகப்பின் உலோகம். முதல் கோப்பைக்கு உலோகம் குளிர்ச்சியாக இருப்பதால் விழுங்குகிறது. கொதிகலனோடு நேரடியாக ஒட்டியிருப்பதால் அதுவும் சூடேறிக்கொண்டே போய், மூன்றாவது கோப்பையில் விழுங்க மறுக்கிறது. நீர் ஏறக்குறைய கொதிநிலையிலேயே தூளில் இறங்குகிறது.

மீன் தொட்டியில் ஒட்டுவதைப் போன்ற வெப்பநிலைப் பட்டை உண்டு. ஆனால் 100 டிகிரி வரை காட்டுவது வேண்டும். அதை முகப்பின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள். மிக மலிவான மேம்பாடு அதுதான், மிகப் பயனுள்ளதும் அதுதான். என் கருவியில் பட்டை 80க்கும் 90க்கும் இடையே இருக்கும்போது லீவரைத் தூக்கினால் காபி இனிக்கிறது. 95ஐத் தாண்டினால் வேப்பங்காய். உங்கள் கருவியின் எண் சற்று வேறாக இருக்கலாம், நான்கைந்து நாளில் பிடிபடும்.

கூடிவிட்டால் ஈரத்துணியால் முகப்பைப் போர்த்தலாம். கைப்பிடிக் கிண்ணத்தைக் குழாய் நீரில் காட்டிக் குளிரவைத்து மாட்டினால் அது சூட்டை இழுத்துக்கொள்ளும். முகப்புக்கும் கொதிகலனுக்கும் இடையே வைக்கும் டெஃப்லான் தடுப்பு வளையமும் விற்கிறார்கள். சூடேறும் வேகத்தை அது குறைக்கிறது. விருந்தாளிகள் ஐந்து பேர் வந்தால்? ஃபில்டரில் டிகாக்‌ஷன் போடுங்கள். அதற்கு இது கருவியே அல்ல.

காசு செலவழிக்கத் தகுந்த மேம்பாடுகள் எவை?

முதலில் அரைக்கும் இயந்திரம். பிளேடு மிக்சியில் அடித்த தூளை வைத்துக்கொண்டு கருவியைக் குறை சொல்வது, மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் அச்சகத்தைத் திட்டுவது போல. நல்ல கை மில் ஒன்று இருந்தாலே ஆட்டம் மாறிவிடும்.

அடுத்து, மேலே சொன்ன வெப்பநிலைப் பட்டை. மூன்றாவது, அழுத்தமானி இல்லாத கருவி என்றால், நீர்மட்டக் குழாயின் மேல் நட்டில் பொருத்தும் மானி. இரண்டு நிலைச் சுவிட்ச் உள்ள பழைய கருவிக்குப் பிரஷர் சுவிட்ச் பொருத்துவது நல்ல மேம்பாடுதான்; ஆனால் மின்சாரமும் நீராவியும் சந்திக்கும் இடம், தெரிந்தவர் கையால் நடக்கட்டும். பாதுகாப்பு வால்வை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடைக்கவோ இறுக்கவோ கூடாது.

அடிப்பாகம் திறந்த கைப்பிடிக் கிண்ணம் வாங்கினால், தூள் எங்கே சீரில்லாமல் அமர்ந்திருக்கிறது என்பதை நீர் பீய்ச்சும் இடத்திலிருந்து கண்ணால் பார்க்கலாம். பாடமாகப் பயன்படும், மேடையைத் துடைக்கவும் வைக்கும். பிஐடி என்ற மின்னணு வெப்பக் கட்டுப்பாட்டில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அது கொதிகலனைத்தான் துல்லியமாக்கும். நம் தகராறு முகப்போடு. மரக் கைப்பிடியைப் பற்றி முன்னமே சொல்லிவிட்டேன்.

எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும்?

பிஸ்டனின் விட்டம் 49 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு ஏறக்குறைய 19 சதுர சென்டிமீட்டர். 9 பார் அழுத்தம் என்றால் அதன் மேல் 170 கிலோவுக்கு மேலான எடை அமர்ந்ததற்குச் சமம். நெம்புகோல் அதில் பெரும்பங்கைச் சுமந்துகொள்வதால் நம் கைக்கு வருவது சிறு பங்குதான். இருந்தாலும் கருவி மேடையிலிருந்து எழும்பும். மறு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுமார் 14 கிராம் தூள். லீவரைத் தூக்கி, 8 வினாடி போலப் பொறுங்கள். கொதிகலன் அழுத்தத்திலேயே தூள் நனைந்து உப்பும். பிறகு சீராக, விட்டு விட்டு அல்லாமல், 25 வினாடியில் இறக்குங்கள். 9 பாரைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை, 6, 7லும் நல்ல காபி உண்டு. லீவர் அசையவே மறுத்தால் தொங்காதீர்கள். தூள் மிக நைசு. அடுத்த முறை ஒரு படி கொரகொரப்பாக அரையுங்கள்.

காபி இறங்கியதும் கிண்ணத்தைக் கழற்றினேன், சுவரெல்லாம் தூள்.

உள்ளே மிச்ச அழுத்தம் இருக்கும்போது திறந்தால் கருவி தும்மும். அந்தத் தும்மல் கையைச் சுடும். ஒரு நிமிடம் பொறுங்கள்; அல்லது கிண்ணத்தை மிகச் சிறிதளவு மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பிறகு எடுங்கள். லீவரைத் திடீரென மேலே இழுக்காதீர்கள், ஈரத்தூள் உள்ளே உறிஞ்சப்படும். கொதிகலன் மூடியை அழுத்தம் முழுக்க இறங்காமல் திறக்கவே கூடாது. இதில் ‘மிகச் சிறிதளவு’ என்ற பேச்சே இல்லை.

சிக்கரி கலந்த நம் ஃபில்டர் தூளைப் போடலாமா?

போட்டுப் பார்த்தேன். சிக்கரி நீரில் சட்டெனக் கரைந்து பிசுபிசுப்பாகி வழியை அடைக்கிறது. லீவர் இறங்க மறுத்தது, இறங்கியது கஷாயம். சிக்கரி கலக்காத, புதிதாக வறுத்த கொட்டை வாங்குங்கள். பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா என்று கடையில் வழக்கமாகக் கேட்கும் எதுவும் ஆகும். ரோபஸ்டா கொஞ்சம் சேர்ந்தால் நுரை கெட்டியாக வரும், இத்தாலியர்களும் சேர்ப்பவர்கள்தான்.

குரோம் பூச்சு உரிகிறது. மறுபடி பூசலாமா?

வெளிப்புறம் மட்டும் என்றால் பூசலாம், ஆனால் முழுக்கப் பிரிக்க வேண்டும், செலவும் ஆகும். பூச்சைச் சுரண்டிவிட்டுப் பித்தளையைப் பளபளக்க வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் அது அப்படியே இருக்கிறது.

இரண்டு மாதம் ஊருக்குப் போகிறேன். எப்படி விட்டுச்செல்வது?

கொதிகலனைக் காலிசெய்து, மூடியைத் திறந்தே வையுங்கள். கைப்பிடிக் கிண்ணத்தை மாட்டி வைக்காதீர்கள், கேஸ்கட் நசுங்கித் தட்டையாகும். சல்லடைத் தட்டைக் கழுவித் துடைத்து மாட்டுங்கள். திரும்பி வந்ததும் முதல் ஒரு கொதிகலன் நீரை வெறுமனே ஓட்டிக் கொட்டிவிட்டு, இரண்டாவது நிரப்பலில் காபி போடுங்கள்.